எழுத்தாளர் ஏற்காடு பென்னி

ஜனவரி 21, செவ்வாய்

இன்று முழுக்க நான் வாய் திறந்து பேசியது ஒரே ஒரு வாக்கியம். "முக்கால் இஞ்ச் எல்போ தீந்துபோச்சு." கேட்டவர் லாரி டிரைவர், பெஷாவர்க்காரர், தமிழ் தெரியாது. இருந்தாலும் துக்க வீட்டில் ஆட்டுவதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

பிற்காலத்துச் சரித்திர ஆசிரியர்கள் கஷ்டப்படக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்: மஸ்கட் மாநகரம், ரூவி பேட்டை, பிளம்பிங் சாமான் கிடங்கின் ஏகச் சக்கரவர்த்தி பென்னி என்கிற பென்ஜமின். குடிமக்கள்: குழாய்கள், வால்வுகள், ஒரு பூனை. பூனைகூட மதியத்துக்கு மேல் பக்கத்துக் கிடங்குக்குப் போய்விடுகிறது. அங்கே மீன் சாப்பிடுகிறார்களாம்.

அறையில் கூட இருப்பவர் ஒடிசாக்காரர், இரவுக் காவல் வேலை. நான் எழுந்தால் அவர் படுப்பார். அவர் எழுந்தால் நான் கிடங்கில் இருப்பேன். அவருடைய குறட்டையை எனக்கு நன்றாகத் தெரியும், அடிவாரத்தில் நின்றாலும் கேட்கும் குறட்டை. முகம் அவ்வளவாகத் தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே மலை. இதையும் மலை என்றுதான் சொல்கிறார்கள். மொட்டை அடித்து வெயிலில் காயப் போட்ட மலை. ஒரு சில்வர் ஓக் கிடையாது, காலைக் கடிக்க ஓர் அட்டை கிடையாது, பனிமூட்டம் கிடையாது. எங்கள் சேர்வராயன் மலையில் மூட்டம் இறங்கினால் பக்கத்தில் நிற்பவன் மூக்கை நம்முடையது என்று நினைத்துச் சிந்திவிடுவோம். அவனும் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போவான்.

ஜனவரி 24, வெள்ளி

விடுமுறை. சர்ச்சில் பூசை முடிந்து தமிழ் மெஸ்ஸில் சாப்பாடு. கூட்டம். எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சேகர், சென்னை மயிலாப்பூர், இங்கே தமிழ்ச் சங்கத்துச் செயலாளராம்.

"சாருக்கு ஊரு?"

"ஏற்காடுங்க."

"ஆகா. அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ரைட்டருங்க."

சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ரைட்டரா. எத்தனை வருஷமா எழுதறீங்க?"

"இருபது வயசுல ஆரம்பிச்சதுங்க. தெனமும் விடிகாலைல எழுதுவேன்."

"பாருங்க, அதான் ஒழுங்கு. எதைப் பத்தி எழுதுவீங்க?"

"எல்லாம் தோட்டத்து ஜனங்களைப் பத்தித்தாங்க. ஒரு ஆளு விடாம எழுதிருவேன்."

"யார் சார் வெளியிடறது?"

இந்தக் கேள்வி கொஞ்சம் புரியவில்லை. "தொரை பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய போகுமுங்க" என்றேன்.

"சென்சாரா" என்று கண்ணை மூடிக்கொண்டார். "எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பீங்க."

கை கழுவும்போதுதான் உறைத்தது. மயிலாப்பூரில் ரைட்டர் என்றால் புத்தகம் எழுதுகிறவர். எங்கள் மலையில் ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் காலையில் ஆள் பேரைக் கூப்பிட்டு, யார் வந்தார் யார் வரவில்லை, எத்தனை கிலோ காப்பிப் பழம் பறித்தார் என்று எழுதி, மேனேஜர் தொரையிடம் நீட்டுகிறவர். எஸ்டேட்டை விற்று ரிசார்ட் கட்டினார்கள். ரிசார்ட்டுக்கு ரைட்டர் வேண்டாமாம். அதனால்தான் இங்கே வந்து குழாய்க்கு ஆஜர் போடுகிறேன்.

திரும்பி வந்து சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தேன். ஆனால் அந்த மனிதர் தன் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "உக்காருங்க சார், காப்பி சொல்லியிருக்கேன்" என்றார்.

இந்த ஊரில் எனக்காக யாரும் நாற்காலியை நகர்த்தியதில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

போனில் ஒரு படம் வந்தது. என் மூஞ்சி. பின்னால் மலை, மலைக்குப் பின்னால் சூரியன், சூரியனுக்கு மேல் என் பெயர்: "எழுத்தாளர் ஏற்காடு பென்னி". சங்கத்தின் பொங்கல் விழா, ஹால் கிடைக்காமல் தள்ளிப்போய் பிப்ரவரி ஏழும் எட்டும். வெள்ளி மாலை ஆட்டம் பாட்டம், சனி மாலை கலைநிகழ்ச்சி. அதில் சிறப்பு விருந்தினராக அடியேன் என் படைப்பிலிருந்து வாசிக்கிறேனாம்.

அக்காவுக்கு அனுப்பினேன். தேவகுமாரி அக்கா எங்கள் மலை மஞ்சக்குட்டையிலிருந்து உடனே கூப்பிட்டாள். அவள் போனில் பேசினால் போனே தேவையில்லை, காது கொடுத்தால் கடல் தாண்டிக் கேட்கும்.

"ஏண்டா பென்னி, நீ எழுதுனதெல்லாம் ஆப்சென்ட்டுதானேடா. அதப் போயா மேடையில படிக்கப் போற?"

"கலைக்கா, கலை."

"கலையாம். போன வாரம் பேசறப்போ ஆருமே பேச மாட்டேங்கறாங்கன்னு மூக்கை உறிஞ்சுன. இப்ப ஊரே கேக்குதாக்கும். ஒண்ணு பட்டினி, இல்லீனா பந்தியா உனக்கு?"

சிரித்துவிட்டு வைத்தாள். நான் அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லாத்தான் இருக்கிறேன். கொஞ்சம் கவலையோடு தூரத்தைப் பார்க்கிறேன். ஆதார் அட்டைக்கு எடுத்த படம் அது.

ஜனவரி 28, செவ்வாய்

டிரைவரிடம் படத்தைக் காட்டினேன். கை கொடுத்தார். எல்போவும் வந்து சேர்ந்தது.

ஜனவரி 31, வெள்ளி

ஒத்திகை. ஆண்களெல்லாம் ஒயிலாட்டம் ஆடுவதாக ஏற்பாடு. சொல்லித் தருபவள் மோனிஷா, ஆத்தூர்ப் பெண், இங்கே ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்க்கிறாள். கணவரோடு காரில் வந்து என்னை வாசலில் ஏற்றிக்கொண்டாள். கார் கதவை எனக்காகத் திறந்துவிட்டார்கள். ரூவி ரோடே நின்று பார்த்ததாக எனக்குத் தோன்றியது. நின்றது சிக்னலுக்காக என்று சொல்பவர்கள் பொறாமைக்காரர்கள்.

கையில் ஆளுக்கொரு கைக்குட்டை. குனிந்து, நிமிர்ந்து, சுழன்று, வீசி அடிக்க வேண்டும். நான் வீசிய வீச்சில் குளிர்சாதன மெஷின் அணைந்துவிட்டது. (அது கரன்ட் கட் என்பது இரண்டாம்பட்சம்.)

"சார், இடது கால் முதல்ல."

"கண்ணு, எங்க மலையில ரெண்டு காலையும் ஒரே நேரத்துல எடுப்போம்."

"அப்ப எதுல நிப்பீங்க?"

"மானத்துல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொல்லி ஒரு கூட்டம் சிரித்து எத்தனை காலமாகிறது.

டீ நேரத்தில் சுற்றி உட்கார்ந்து, உங்க எழுத்தைப் பத்திச் சொல்லுங்க சார் என்றார்கள். நான் எழுதிய ஒரே வரியைப் படித்துவிட்டு எங்கள் தொரை மூன்று நாள் சாப்பிடவில்லை என்றேன். ஒருவர் அதைப் போனில் குறித்துக்கொண்டார். சத்தியமான உண்மை அது. அந்த வரி: "மேல்தோட்டம் முழுக்கக் காய்த்துளைப்பான் பூச்சி விழுந்துள்ளது."

பொய் சொல்லவில்லை. உண்மையை உடைக்காமல் முழுசாகக் கொடுக்கிறேன். அவர்கள்தான் வேறு மாதிரி மென்று தின்கிறார்கள். அப்படித்தானே? அப்படித்தான்.

நானும் தினமும் இதில் எழுதத்தானே செய்கிறேன். அப்புறம் என்ன.

பிப்ரவரி 3, திங்கள்

சேகர் போன். "சார், முன்வரிசைல உங்க ஃபேமிலிக்கு ரெண்டு சேர் ஒதுக்கியிருக்கோம். மேடம் வருவாங்கல்ல?"

"மேடம் ஊர்லங்க. கொஞ்சம் பிசி."

பிசி. ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்டதும் வாயில் வந்துவிட்டது. ஜெயமேரி பிசிதான். கொரோனா ரெண்டாவது அலைல இருந்து மஞ்சக்குட்டைக் கல்லறைல ஒரே எடத்துல பிசி. கடைசியா ஒருவாட்டி மொகத்தப் பாக்க உடல, பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்தானுங்க — நான் போயி இங்க குழாய எண்ணிக்கிட்டு, பிசியாம், மேடமாம். அவ கேட்டிருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பா.

சரி. போதும்.

பிப்ரவரி 5, புதன்

நாளை மறுநாள் விழா. என்ன வாசிப்பது? கையில் ஒரு படைப்பும் இல்லை. கிடங்கு இருப்பை வாசித்தால் பத்து நிமிஷம் ஓடும்.

சேகரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். எடுத்ததும், "சொல்லுங்க சார், சாப்டீங்களா?" என்றார். "சாப்டேனுங்க" என்று வைத்துவிட்டேன்.

பொய் வெளியானால் அவமானம் வரும், அதைப் பற்றிக் கவலையில்லை. ஏற்காட்டில் நான் படாத அவமானமா. ஒருமுறை ஏரியில் படகோடு கவிழ்ந்து, நீந்தி வந்து பார்த்தால் தண்ணீர் முழங்கால் அளவு. பார்த்தவர்கள் பஸ் பிடித்துச் சேலம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். பயம் வேறு. எழுத்தாளர் இல்லை என்று தெரிந்தால் மோனிஷா வீட்டுக் கார் வாசலில் நிற்காது. சாப்டீங்களா என்று கேட்க ஆள் இருக்காது. சனிக்கிழமைக்குப் பிறகு மறுபடியும் நான், எல்போ, பூனை.

அந்தப் பயத்துக்காக எத்தனை நாள் இன்னொருத்தனாக இருப்பது?

பிப்ரவரி 8, சனி, காலை

நேற்று ஆடினேன். எழுதும்போதே இடுப்பு ஆமென் சொல்கிறது.

பெரிய ஹால். வாசலில் கரும்பு, காகிதத்தில் செய்த காளை. முதலில் குழந்தைகள், பிறகு பெண்களின் கும்மி, பிறகு நாங்கள். சலங்கை கட்டி, சிவப்புத் துண்டு கட்டி வரிசையாக இறங்கினோம். பறை அடித்தவர் பகலில் பேங்கில் வேலை பார்ப்பவராம். நேற்று அடித்த அடியில் அந்த பேங்கின் எல்லாக் கடனும் தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும். நான் நடுவில் இருந்தேன். இடது கால் முதலில் என்பதும் எப்படியோ நினைவிருந்தது. மூன்றாம் சுற்றில் துண்டு அவிழ்ந்து சேகர் தலையில் போய் விழுந்தது. கூட்டம் விசில் அடித்தது. அது ஆட்டத்தில் உள்ளதுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அடுத்த சுற்றில் வேண்டுமென்றே அவிழ்த்து எறிந்தேன்.

அப்புறம் டிஜே போட்டு எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். டாக்டர், கொத்தனார், மேனேஜர், வீட்டு வேலைக்காரர் எல்லாம் ஒரே குதி. என் கையைப் பிடித்து யாரோ ஒரு குழந்தை சுற்றியது. வேர்வையில் நனைந்து, மூச்சு வாங்கி, எல்லோர் மூஞ்சியையும் பார்த்துச் சிரித்தேன்.

பாட்டு நின்றதும் எல்லோரும் தங்கள் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டு போனார்கள். எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் ஹால் காலியானதோ. சலங்கையைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்று கேட்க ஆளில்லாமல், கட்டிய காலோடு அறைக்கு வந்தேன். படியேறும்போதெல்லாம் சத்தம். ஒடிசாக்காரர் வேலைக்குப் போயிருந்தார்.

இன்று மாலை வாசிப்பு. கையில் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிடங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

மேடையில் எனக்குச் சந்தன மாலை. சேகர் என்னை அறிமுகப்படுத்தினார். அதில் பாதி எனக்குப் புதுச் செய்தி. அதிகாரத்தின் தணிக்கைக்கு நடுவே எழுதியவராம். முன்வரிசையில் இரண்டு நாற்காலி, முதுகில் "எழுத்தாளர் குடும்பம்" என்று தாள் ஒட்டியிருந்தது. ஒன்றின் மேல் யாரோ கைப்பை வைத்திருந்தார்கள். இன்னொன்றில் ஒன்றுமில்லை.

அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒரு விஷயம் சொல்லிப்புடறேனுங்க. நான் எழுத்தாளர் இல்லீங்க."

கைதட்டல்.

"நெசமாத்தாங்க. எஸ்டேட் ரைட்டரு. ஆளு கணக்கு எழுதறவன்."

இன்னும் பலமான கைதட்டல். "என்ன ஒரு தன்னடக்கம்" என்று முதல் வரிசையில் ஒருவர் பக்கத்தில் சொல்வது எனக்கே கேட்டது. வாழ்நாள் முழுக்கப் புளுகியபோது நம்பாத உலகம், ஒரு தடவை உண்மை சொன்னால் இப்படிப் பண்ணுகிறது.

சரி, செய்து காட்டினால்தான் புரியும் என்று, எங்கள் களத்தில் விடிகாலையில் நின்று பேர் கூப்பிடுவதை அப்படியே செய்தேன். குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே குரலில். பேரும் நானே, பதிலும் நானே.

சரஸ்வதி. "இருக்கறேனுங்க."

கிறிஸ்துதாஸ். "இருக்கறேனுங்க."

ராயப்பன். பதில் இல்லை. ராயப்பன். "வர்றேனுங்க வர்றேனுங்க, மாடு கன்னு போட்டிருச்சுங்க." போன வாரமும் போட்டுச்சேடா. "அது வேற மாடுங்க."

ஹால் சிரித்தது. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொருவர் குரலாக எடுத்துவிட்டேன், இருமல்காரர், திக்குவாயர், புதுப்பெண். பேர்கள் தானாக வந்தன, பழைய வரிசையிலேயே. அந்த வரிசையில் அடுத்து யார் என்று யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டேன்.

ஜெயமேரி.

எல்லோரும் "இருக்கறேனுங்க" என்பார்கள். அவள் மட்டும், "ஏன், ஊட்ல பாக்கலையாக்கும்?" என்பாள். தினமும். களமே சிரிக்கும். நான் முறைத்துக்கொண்டு எழுதுவேன். அத்தனை பேர் குரலையும் எடுத்தவனுக்கு அந்த ஒரு குரல் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். எவ்வளவு நேரமோ. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தார். "பின்னிட்டீங்க சார். அந்த மௌனம் இருக்கே, அதான் சார் கவிதை." மோனிஷா செல்ஃபி எடுத்தாள். நான்கைந்து பேர் வந்து, இது எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று கேட்டார்கள். எல்லோரிடமும் சிரித்தேன். இவ்வளவு பேர் சூழ நின்று, இவ்வளவு தனியாக நான் எந்த நாளும் இருந்ததில்லை. கிடங்கு பரவாயில்லை என்று தோன்றியது. பூனை கைதட்டாது.

தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போனேன். பொங்கல் போட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கேட்டரிங்காரர் உடுப்பு, தலையில் வலைத்தொப்பி.

"ஏனுங்க, நீங்க எந்த எஸ்டேட் ரைட்டருங்க?"

எங்கள் மலைப் பேச்சு காதில் விழுந்ததும் தட்டை மேஜை மேல் வைத்தேன்.

"மஞ்சக்குட்டைப் பக்கமுங்க. நீங்க?"

"கொட்டச்சேடு. ராணி. எங்கம்மா பழம் பறிச்சவங்க, நானும் கலியாணம் கட்டற வரைக்கும் பறிச்சேன். சமையக்கட்டுல இருந்தேனா, பேரு கூப்படற சத்தங் கேட்டுக் கைய உதறிட்டு ஓடியாந்தேன். எங்க ரைட்டரேதான் வந்துட்டாராட்டம் இருந்துச்சு. பாதிதான் கேட்டேன். லேட்டா வந்ததுக்கு அரைப் பேரு போட்டுராதீங்க."

அரைப் பேர். பாதி நாள் கூலி. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது. "தாமசமா வந்தா அரைப் பேருதாங்க. தொரை திட்டுவாரு" என்றேன்.

"திட்டுவாரு திட்டுவாரு. ஒரு கரண்டி பொங்கல் கொறைச்சுப் போட்டா ரைட்டரு தன்னால வழிக்கு வருவாரு."

சிரித்தோம். பின்னால் நின்றவர் தட்டை நீட்டினார். அவருக்குப் போட்டுவிட்டுத் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த ஜெயமேரி. எல்லாருக்கும் நீங்களே பதில் சொன்னீங்க. அவங்களுக்கு மட்டும் சொல்லல."

"ஊட்டுக்காரிங்க."

"பேர அடிச்சாச்சுங்களா?"

எஸ்டேட்டில் அப்படித்தான் கேட்போம். வேலையை விட்டு நின்றாலும், செத்துப்போனாலும், பேரை அடிப்பது. என் கையால் எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன். அவள் பேரை அடித்ததும் நான்தான், ஒரு மாதம் கழித்து, தொரை சொன்ன பிறகு. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"ஆமாங்க" என்றேன். "அடிச்சாச்சு."

பொங்கல் மேல் இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றினாள். "ஓரமா உக்காந்து சூட்டோட சாப்புடுங்க ரைட்டரே. பந்தி முடிச்சுட்டு வர்றேன். அவங்களப் பத்திச் சொல்லுங்க, கேக்கறேன்."

சொன்னேன். நொம்ப நேரம் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சலங்கையைத் திருப்பிக் கொடுத்தேன். மோனிஷா இருக்கட்டும் சார் என்றாள். பென்னி மாமான்னே கூப்பிடு கண்ணு என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சேகர் போன் செய்தார். நாளைக்கு சோஹாரில் இன்னொரு சங்கத்தின் விழாவாம். வீடியோவைப் பார்த்துவிட்டுத் துடிக்கிறார்களாம். கார் அனுப்புகிறார்கள், பொன்னாடை உண்டு, அதே கவிதையை அப்படியே செய்ய வேண்டும், அந்த மௌனத்தோடு.

"இல்லீங்க, நாளைக்கு முடியாதுங்க."

"ஏன் சார், வெள்ளிக்கிழமைதானே? லீவு நாள்தானே?"

"எனக்கு ஆள் வர்றாங்க" என்றேன்.

சொன்ன பிறகு அந்த வாக்கியத்தை வாய்க்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ராணி வருகிறாள். கூட எங்கள் மலை நாகலூர்க்காரர் ஒருவர், டாக்ஸி ஓட்டுகிறவர், அவர் தங்கை, இன்னும் வெள்ளக்கடைப் பக்கம் யாரோ ஒரு பையனாம், ரூவியில்தான் இத்தனை நாளாக இருந்திருக்கிறான். ஒடிசாக்காரரிடம் சைகையில் சொல்லியிருக்கிறேன், அவரும் முழித்துக்கொண்டிருப்பதாகச் சைகையில் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் கடைக்குப் போக வேண்டும். டம்ளர் வாங்கணும். அறையில் இருப்பது ஒன்றே ஒன்று.